கூட்டு வியாபாரம் நிலைப்பதற்கு வழி

வியாபாரம் நமது சமூகத்துக்குப் புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், காரைக்கால் முதலிய கடற்கரை ஊர்களிலிருந்தும், இராமநாதபுரம், தென்காசி, கடையநல்லூர் முதலிய இடங்களிலிருந்தும் கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்த நம் முன்னோரிற் பலரிடம் பெரிய முதல் ஏதும் இருக்கவில்லை. உழைப்பு இருந்தது, நாணயம் இருந்தது, இவ்விரண்டையும் தாங்கி நிற்கக் கூட்டு இருந்தது. ஓரூரார் இருவர் அல்லது மூவர் தம் கைமுதலை ஒன்றாகப் போட்டுக் கடை வைப்பார்கள். ஒருவர் ஊர் சென்று குடும்பத்தைப் பார்த்து வர, மற்றவர் கல்லாவில் அமர்ந்திருப்பார். அவர் சபர் திரும்பியதும் இவர் புறப்படுவார். கடைக்கதவு மூடாதிருந்ததற்குக் காரணம் அந்தக் கூட்டே.

நமது சிலிம் ரிவர் போன்ற இரயிலடி ஊர்களில் அன்று கடை வைத்தவர்கள், சுற்றியுள்ள ரப்பர்த் தோட்ட மக்களுக்குச் சம்பள நாள் வரை பற்று எழுதிச் சாமான் கொடுத்து, அந்தப் பணம் வரும்வரை மொத்த வியாபாரியிடம் தவணை கேட்டுக் காலம் தள்ள வேண்டியிருந்தது. தனி ஒருவருடைய கைமுதல் இதற்குப் போதாது. ஆகையால் கூட்டு என்பது அவர்களுக்கு விருப்பம் மட்டுமன்று, அவசியமுமாகும்.

அக்கூட்டுகள் யாவும் நிலைத்தனவா என்றால், இல்லை. முறிந்த கூட்டுகளைப் பற்றி விசாரிக்கும்போது, "வியாபாரம் படுத்துவிட்டது" என்ற பதிலைவிட, "கணக்கில் மனத்தாங்கல் வந்துவிட்டது" என்ற பதிலையே நாம் அதிகமாகக் கேட்கிறோம். நஷ்டம் வந்த கூட்டு மீண்டும் தலையெடுத்ததுண்டு. சந்தேகம் வந்த கூட்டு தலையெடுப்பது அரிது. அந்தச் சந்தேகம் எங்கிருந்து புறப்படுகிறது, அதை முளையிலேயே தடுப்பது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

ஒரு கணக்கு, மூன்று விடைகள்

சகோதரர்களே! ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். இருவர் சேர்ந்து ஒரு மளிகைக்கடை வைக்கிறார்கள். மூத்தவர் 60,000 வெள்ளி முதல் போடுகிறார். அவருக்கு ஈப்போவில் வேறு தொழில் இருப்பதால் கடைக்கு வருவதில்லை. இளையவர் 20,000 வெள்ளி போட்டு, காலை முதல் இரவு வரை கடையிலேயே நிற்கிறார். தொடக்கத்தில் பங்கு பற்றிய பேச்சு வந்தபோது, "நமக்குள் என்ன, பார்த்துக்கொள்ளலாம்" என்று இருவரும் சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்கள். ஆண்டு முடிவில் செலவு போக 24,000 வெள்ளி இலாபம் நிற்கிறது. யாருக்கு எவ்வளவு?

நாட்டுச் சட்டத்தைக் கேட்போம். மலேசியாவில் கூட்டு வியாபாரத்தை ஆள்வது 1961-ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டம். பங்காளிகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இலாபமும் நஷ்டமும் சரிபாதி என்கிறது அதன் 26-ஆம் பிரிவு. அதன்படி ஆளுக்கு 12,000 வெள்ளி. நாள் முழுதும் கடையில் நின்ற இளையவருக்குச் சம்பளம் உண்டா? ஒப்பந்தம் இல்லாவிட்டால் எந்தப் பங்காளிக்கும் சம்பளம் இல்லை என்பதும் அதே பிரிவின் விதியே.

மார்க்கச் சட்டத்தைக் கேட்போம். நமது கடற்கரை ஊர் மக்களிற் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். இராவுத்தர் குடும்பங்களிற் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இருவரும் முதல் போட்ட கூட்டில் இலாபமும் முதலின் விகிதப்படியே பிரிய வேண்டும். அவ்வாறாயின் மூத்தவருக்கு 18,000, இளையவருக்கு 6,000. ஹனஃபி மத்ஹபிலோ, உழைப்பவருக்கு அவர் போட்ட முதலின் விகிதத்தைவிட அதிக இலாபம் என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள இடமுண்டு. ஆறுக்கு நாலு என்று பேசியிருந்தால் மூத்தவருக்கு 14,400, இளையவருக்கு 9,600.

பார்த்தீர்களா! ஒரே இலாபம், இளையவர் பங்கு 12,000 என்று ஒரு விடை, 6,000 என்று ஒரு விடை, 9,600 என்று ஒரு விடை. இருவரும் நல்லவர்களாகவே இருக்கலாம். இருவரும் ஐவேளை தொழுபவர்களாகவே இருக்கலாம். ஒருவர் தம் ஊர் வழக்கத்தை மனத்தில் வைத்திருப்பார். மற்றவர் தம் உழைப்பை மனத்தில் வைத்திருப்பார். இருவர் மனத்திலும் இருந்தது வேறு வேறு என்பது பணம் வந்த பிறகுதான் வெளிப்படும். அப்போது ஒருவரையொருவர் மோசக்காரர் என்று எண்ணத் தொடங்குவார்கள்.

நஷ்டம் வந்தாலும் இதே கதைதான். 8,000 வெள்ளி நஷ்டமானால் நாட்டுச் சட்டத்தின் பொது விதிப்படி ஆளுக்கு 4,000. இரு மத்ஹபுகளின்படியும் நஷ்டம் முதலின் விகிதத்தில் விழும். மூத்தவருக்கு 6,000, இளையவருக்கு 2,000.

இன்னுமொரு விஷயம். ஒரு பங்காளி தாம் ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் கடைக்கு முன்பணம் கொடுத்தால், அதற்கு ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வட்டி பெற அவருக்கு உரிமையுண்டு என்கிறது அதே 26-ஆம் பிரிவு. வட்டியை வெறுத்து ஒதுக்கும் நாம், ஒன்றும் எழுதாமல் விடுவதனால் வட்டி விதிக்கு உட்பட்டவர்களாகிவிடுகிறோம். இவ்விதிகள் யாவும் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மட்டுமே செல்லும். எழுதி வைத்தால், நாம் எழுதியதே பங்காளிகளுக்குள் சட்டம்.

எழுதுவது அவநம்பிக்கையா?

"அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு? மாமன் மைத்துனனுக்குள் கையெழுத்து எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். அது தவணைக் கடனை எழுதி வைப்பதையும், நேர்மையான எழுத்தாளரையும், சாட்சிகளையும் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது என்பது அதன் போதனை. இது ஈமான் கொண்டவர்களை அழைத்துச் சொல்லப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. நம்பிக்கை உள்ளவர்களுக்குள்ளேயே எழுத்து வேண்டும் என்றால், எழுதக் கேட்பவரை அவநம்பிக்கைக்காரர் என்று எப்படிக் கூறலாம்?

நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன் கதீஜா நாயகியார் அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று விற்று வந்த வரலாற்றை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்கும் இவ்வகைக் கூட்டுக்கு முளாரபா என்று பெயர். இதில் இலாபத்தைப் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகப் பேச வேண்டும். நஷ்டமானால் பணம் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். உழைத்தவரின் மோசமோ கவனக் குறைவோ காரணமானால் மட்டுமே அவர் முதலுக்கு ஈடு சொல்ல வேண்டும். "மாதம் 500 வெள்ளி தந்துவிடு, மற்றதெல்லாம் உன் பாடு" என்று பேசுவது முளாரபா ஆகாது. கடை வென்றாலும் தோற்றாலும் ஒருவருக்குக் குறித்த தொகை என்பது வட்டியின் சாயலுடையது. இந்த வேற்றுமையை நம் வாலிபர்கள் கடை வைக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

என்ன என்ன எழுத வேண்டும்?

பத்திரம் பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. தெளிவாக இருந்தால் போதும். கீழ்க்கண்ட ஏழு விஷயங்களும் அதில் இருக்கட்டும்.

1. முதல்: யார் எவ்வளவு போட்டார், ரொக்கமாகவா சரக்காகவா, எந்தத் தேதியில் என்பது. சரக்கானால் அதன் அன்றைய மதிப்பு.

2. உழைப்பு: யார் கடையில் இருப்பவர், யார் இல்லாதவர், உழைப்புக்கு எவ்வகையில் ஈடு என்பது. மத்ஹப் வேற்றுமை இருந்தால் இருவரும் சேர்ந்து ஓர் ஆலிமிடம் கேட்டு ஒரு முடிவுக்கு வந்து, அதை எழுதுவது நலம்.

3. இலாப நஷ்டம்: விகிதம் என்ன, இலாபத்தில் எவ்வளவு கடையிலேயே நிற்க வேண்டும் என்பது.

4. வீட்டுச் செலவு: மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பது. கல்லாவிலிருந்து கைக்கு வருவதும், கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் அரிசியும் எண்ணெயும் எடுத்தவர் பெயரில் பற்று எழுதப்பட வேண்டும். கூட்டை அரிக்கும் கறையான் பெரும்பாலும் இங்கேதான் குடியிருக்கிறது.

5. கடன்: எவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்க அல்லது கடன் கொடுக்க இருவர் சம்மதமும் வேண்டும் என்பது. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி கடைக்காகச் செய்யும் காரியம் எல்லோரையும் கட்டும். கடையின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் பொறுப்பு. கடைச் சொத்து போதாவிட்டால் சொந்தச் சொத்து வரை வரும்.

6. கணக்கு முடிக்கும் நாள்: ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, சரக்கு எண்ணி, ஐந்தொகை போட்டு, எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

7. பிரிவு: ஒருவர் விலக விரும்பினால் எத்தனை மாத முன்னறிவிப்பு, அவர் பங்கை எப்படி மதிப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது, தகராறு வந்தால் யார் மத்தியஸ்தர் என்பது.

பத்திரத்தோடு பதிவும் வேண்டும். 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இன்று அதைச் செய்வது எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையம். பதிவில் பெயர் வந்துவிட்டதே, பத்திரம் எதற்கு என்று எண்ணலாகாது. யாருக்கு எத்தனை பங்கு என்பதைப் பதிவுச் சான்றிதழ் சொல்லாது. மேலும் இந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமே அவ்வாறு பதிவு செய்துகொள்ள முடியும். தமிழகத்திலுள்ள மைத்துனர் நம்பி அனுப்பிய பணம் கடையில் இருந்தால், அவர் பெயர் எந்தப் பதிவிலும் வராது. நாம் எழுதிக் கொடுக்கும் காகிதம்தான் அவருக்கு உள்ள ஒரே பிடி. அது இல்லாவிடில் அந்த அமானத் நம் நினைவை மட்டும் நம்பி நிற்கும்.

சொந்த வீடு வாசல் வரை பொறுப்பு வருவதை அஞ்சுவோருக்கு 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியையும் திறந்திருக்கிறது. வரையறுத்த பொறுப்புடைய கூட்டு என்பது அது. மலாய் மொழியில் பி.எல்.டி. என்று வழங்குகிறது. அதில் கடை தனி ஆளாகக் கருதப்படும். கடையின் கடன் பங்காளியின் சொந்தச் சொத்தைப் பொதுவாகத் தொடாது. ஆனால் அதற்கும் எழுத்தும் கணக்கும் ஆண்டறிக்கையும் வேண்டும். எந்த வழியில் போனாலும் எழுத்திலிருந்து தப்ப முடியாது.

மரணம் வரும்போது

ஏழு விஷயங்களுக்கும் மேலான ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எழுத நம்மவர் கூசுகிறார்கள். அபசகுனம் என்று கூட எண்ணுகிறார்கள். மரணத்தைத்தான் சொல்கிறோம்.

ஒரு பங்காளி இறந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அன்றே கூட்டு கலைந்துவிடுகிறது. நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மார்க்கச் சட்டமும் இதையே சொல்கிறது. இறந்தவரின் பங்கு கடன் போக அவருடைய வாரிசுகளுக்கு உரியது. மனைவி, மகன், மகள், பெற்றோர் என்று பாகப்பிரிவினை விதிப்படி பலருக்கு அது பிரிய வேண்டும். சரி, பிரிக்க வேண்டிய தொகை எவ்வளவு? ஆண்டுதோறும் ஐந்தொகை போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் ஒரு நாளில் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால், கணவரை இழந்த ஒரு பெண், தாம் ஒரு நாளும் நுழைந்து பாராத கடையின் மதிப்பை, கடையில் இருக்கும் பங்காளியின் வாய்ச் சொல்லிலிருந்து ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலைமை வருகிறது. அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், உறவினர் நம்புவார்களா? நேர்மையான பங்காளிக்கும் அது பெரும் சோதனை அல்லவா?

இது வெறும் கற்பனைப் பயமன்று. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை பிரிட்டிஷ் படையைப் பிளந்துகொண்டு வந்ததை நமது ஊர் மண் அறியும். அதன் பிறகு 1945 வரை மலாயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே போக்குவரத்து அற்றுப்போயிற்று. இங்கிருந்த பங்காளி அங்கே போக வழியில்லை. அங்கிருந்தவர் இங்கே வர வழியில்லை. ஊருக்குப் பணம் அனுப்பவும் வழியில்லை. யுத்தம் முடிந்தபோது ஜப்பானியர் அச்சடித்த நோட்டுகள் செல்லாக் காசாயின. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு குடும்பத்தின் பங்கு இவ்வளவு என்று சாட்சி சொல்ல, பழைய பேரேட்டை விட்டால் வேறென்ன இருக்க முடியும்? யுத்தம் நாள் குறித்து வருவதில்லை; நோயும் அப்படியே. 2020-இல் வந்த கொரோனாத் தொற்றும் ஊரடங்கும் இதையே நமக்கு மீண்டும் கற்பித்தன.

ஆகையால் பங்காளி இறந்தால் கடையை மற்றவர் தொடர்ந்து நடத்தலாமா, வாரிசுகள் தங்கள் சம்மதத்துடன் புதுக் கூட்டில் சேரலாமா, அவர்கள் பங்கை எத்தனை மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பதை எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். அப்பத்திரத்தின் ஒரு பிரதி ஒவ்வொரு பங்காளியின் வீட்டிலும் இருக்க வேண்டும். மனைவிமார்கள் அதை வாசித்திருக்க வேண்டும்.

விதி எழுதிய இடத்தில் சிறு முதலும் பெருகும்

பேராக் மண்ணுக்குக் கூட்டு பழகிய விஷயம். ஈயச் சுரங்க நாட்களில் சீனர் கொங்சி அமைத்து, சுரங்கத்தின் விளைச்சலில் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பேசி வேலை செய்தார்கள். இன்று கொங்சி என்ற அச்சொல் மலாய் மொழியிலும் நமது பேச்சிலும் கலந்துவிட்டது.

நமது காலத்துக்கு நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கியதும், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினர். தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையும் லயத்து வீடும் இழக்க நேர்ந்தது. அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு பங்கு 100 வெள்ளி. தொழிலாளி மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். பால்வெட்டும் மக்களின் அந்தப் பத்துப் பத்து வெள்ளிகள் சேர்ந்து, கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கின. அவர்களுள் ஒருவரையொருவர் அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்? முகம் அறியாதவர்களையும் ஒன்றாகக் கட்டியது எழுதிய விதியும், கொடுத்த இரசீதும், பொதுவில் வைத்த கணக்குமாகும். கூட்டுறவுச் சங்கம் வேறு, கூட்டு வியாபாரம் வேறு என்பது உண்மையே. ஆனால் முகமறியாதவர்களுக்கே எழுத்து இவ்வளவு செய்யுமானால், ஒரே தெருவில் பிறந்து வளர்ந்த நமக்கு அது எவ்வளவு செய்யாது!

பங்காளி முதலில் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்

பத்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன்படி நடக்கும் ஆள் தேறாவிட்டால் அது பெட்டிக்குள் தூங்கும். ஆகையால் வியாபாரி தம்மை வளர்த்துக்கொள்வதும் இப்பாடத்தின் ஒரு பகுதியே.

நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவில் தொழில் நடத்திய ஒழுங்கை நம் முதியோர் கண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேருவான். பிறகு அடுத்தாள் ஆவான். கணக்கும் பழக்கமும் கைவந்த பிறகே மேலாள் ஆவான். கடல் கடந்து வந்த மேலாள், பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும், கணக்கை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். அவர்களுடைய வட்டித் தொழில் நமக்கு ஆகாது. அவர்களுடைய ஒழுங்கு நமக்கு ஆகும். நமது கடைகளில் மகனையோ மருமகனையோ நேரே கல்லாவில் உட்கார வைத்துவிடுகிறோம். சரக்கு இறக்கத் தெரியாத, பேரேடு எழுதத் தெரியாத, வாங்குபவரிடம் இன்முகம் காட்டத் தெரியாத பிள்ளை பங்காளியானால், மற்றப் பங்காளி எத்தனை நாள் பொறுப்பார்?

கற்க வேண்டியவை இன்று பெருகியிருக்கின்றன. கணக்குப் புத்தகங்களையும் இரசீதுகளையும் ஏழாண்டு காத்து வைக்க வேண்டும் என்பது வருமானவரிச் சட்டம். கூட்டுக் கடையானால் கடைக்கென ஒரு படிவமும், பங்காளி ஒவ்வொருவருக்கும் தத்தம் படிவமும் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் மின்னியல் விலைப்பட்டியல் முறை பெரிய நிறுவனங்களில் தொடங்கிக் கட்டங்கட்டமாக வந்திருக்கிறது. "இதெல்லாம் கணக்காளர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடலாகாது. கணக்காளர் எழுதுவதை வாசிக்கவாவது நமக்குத் தெரிய வேண்டும். தாம் வாசிக்காத கணக்கில் கையெழுத்திடும் பங்காளி, பிற்பாடு சந்தேகப்படும் உரிமையையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்.

ஊரும் மாறியிருக்கிறது. ரப்பர் இருந்த நிலங்களில் செம்பனை நிற்கிறது. தோட்ட மக்களிற் பலர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், பழைய சாலை வழியே வந்து கடையில் இறங்கி இளைப்பாறிய தூரப் பிரயாணிகள் குறைந்தார்கள். அன்று விற்ற சரக்கையே, அன்று விற்ற விதத்திலேயே இன்றும் விற்போம் என்றால் நடக்குமா? இருவர் கூட்டாக இருப்பதன் பெரிய இலாபம் இங்கேதான் உண்டு. ஒருவர் கடையைக் கவனிக்க, மற்றவர் நாலு ஊர் சென்று, நாலு கடை பார்த்து, புதியதைக் கற்று வரலாம். நம் முன்னோர் ஊர் போய் வருவதற்காகச் செய்த முறைமாற்றத்தை, நாம் கல்விக்காகவும் செய்யலாம். 2016-இல் அமைந்த நமது மாவட்டத்தின் பெயரே முஅல்லிம். ஆசிரியர் என்று பொருள். அப்பெயருள்ள மாவட்டத்தில் கடை வைத்திருக்கும் நாம், மாணவராக இருக்க வெட்கப்படலாமா?

வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வியாபாரியும் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். இந்த வாரம் கல்லாவிலிருந்து எழுதாமல் எடுத்தது ஏதேனும் உண்டா? பங்காளியிடம் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் ஏதேனும் உண்டா? போன வாரம் தெரியாத ஒன்றை இந்த வாரம் தெரிந்துகொண்டோமா? முதல் இரண்டுக்கும் "இல்லை" என்றும், மூன்றாவதற்கு "ஆம்" என்றும் சொல்லக் கூடியவரோடு கூட்டுச் சேர யார்தான் விரும்பமாட்டார்?

முடிவாக ஒன்று. ஏற்கனவே கூட்டாகக் கடை நடத்துவோர், "இத்தனை வருஷமாக எழுதாமல் இருந்துவிட்டோம், இப்போது எப்படிக் கேட்பது?" என்று தயங்க வேண்டாம். இம்மாதத்தில் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் பங்காளிகள் சேர்ந்து அமருங்கள். ஒரு தாளை எடுத்து, மேலே சொன்ன ஏழையும், மரணத்தைப் பற்றிய எட்டாவதையும் எழுதிப் பாருங்கள். எங்கே இருவர் பேனாவும் நிற்கிறதோ, அங்கேதான் நாளைய தகராறு ஒளிந்திருக்கிறது என்று அறிந்து, அன்றைக்கே பேசித் தீருங்கள். மனம் ஒன்றாக இருக்கும்போது எழுதுவது எளிது. மனம் கசந்தபின் எழுத வக்கீல் வேண்டும்.

நமது கூட்டுகளில் வல்ல நாயன் பரக்கத்தையும், நமது கணக்குகளில் தெளிவையும், நமக்குப் பின் வருவோரிடையே ஒற்றுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.